ஆறாம் கட்டிலின் தேதிகள்

அந்தப் பழைய வார்டுக்கு நான் போனது பட்டப்பகலில், பதினோரு மணிக்கு. பேய் பயமெல்லாம் அப்போது எனக்குக் கிடையாது. எலி பயம்தான்.

மூடிப்போன அந்த வார்டின் முப்பது வருடப் பழைய பதிவேட்டைக் கணினியில் தட்டி இணையத்தில் ஏற்றுவது என் வேலை. நாளுக்கு ஒரு வரி: தேதி, கட்டில் எண், பெயர், நிலைமை.

"ஆள் படுத்திருக்கிற வரைக்கும் தினமும் 'உள்ளே'ன்னு போடணும்மா. ஒரு நாள் விடக்கூடாது. நாங்க அப்படித்தான் எழுதுவோம்" என்றார் கதவைத் திறந்துவிட்ட தலைமை நர்ஸ்.

"நீங்க கை வலிக்க எழுதினதை நான் ஒரே இழுப்புல முடிச்சிடுவேன், சிஸ்டர்" என்று பீற்றிக்கொண்டேன்.

பொய்யில்லை. முதல் இரண்டு வரியைத் தட்டி, கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். தேதி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். மற்றதெல்லாம் அப்படியே இறங்கும்.

கடைசி நோயாளிக்கு வந்தபோது என் கணவர் போன் செய்தார்.

"பாப்பாவுக்கு ஸ்கூல்ல காய்ச்சலாம். நான் ஊர்ல இல்லையே. நீ சீக்கிரம் போய்க் கூட்டிட்டு வந்துடு."

"இதோ, அஞ்சே நிமிஷம்."

காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்ட அவசரம். பக்கத்தின் மேல்பாதியை மட்டும் பார்த்தேன். ஆறாம் கட்டில், ஒரு பெண், 'உள்ளே'. இழுத்துவிட்டேன். திரை சரசரவென்று ஓடியது. விரலை எடுத்தும் நிற்கவில்லை. மாதங்கள் போயின, வருடங்கள் போயின. இன்றைய தேதியில் வந்துதான் நின்றது.

அப்புறம்தான் பக்கத்தின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன். பத்தொன்பதாம் தேதிக்கு நேரே சிவப்பு மையில் 'இறந்தார்' என்று இருந்தது.

செத்துப்போனவளை முப்பது வருடம் உள்ளேயே வைத்துவிட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

அந்த அறையில் கட்டிலே கிடையாது.

பினாயில் வாடை குப்பென்று அடித்தது. எழுந்து கதவை இழுத்தேன். அசையவில்லை. காதருகே மூச்சு இரைத்தது.

"நான்தான் போயிட்டேனே... எதுக்கும்மா கூப்பிட்டே?"

"தெரியாம செஞ்சுட்டேன்மா. விட்டுடுங்க. என் பொண்ணு காய்ச்சலோட காத்துக்கிட்டிருக்கா."

"எனக்கும் ஒரு பொண்ணு. வாசல்லயே நின்னா. கடைசிவரை உள்ளே விடலை."

நாற்காலிக்கு ஓடிவந்தேன். பத்தொன்பதில் 'இறந்தார்' என்று அடித்தேன். அதற்குக் கீழே இருந்த அத்தனை வரியையும் அழித்தேன். சத்தம் அடங்கியது. மூச்சு வந்தது எனக்கு.

வெற்றுக் கட்டங்களில் தேதிகள் மறுபடி விழ ஆரம்பித்தன.

இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

ஆறாம் கட்டில். 'உள்ளே'.

பெயர், என் பெயர்.

நான் அலறியதும் கதவு திறந்தது. தலைமை நர்ஸ் நின்றுகொண்டிருந்தார்.

"பூட்டவே இல்லையேம்மா. ஏன் இப்படி வேர்த்திருக்கு?"

அவரைத் தாண்டி வெளியே பாய்ந்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடி, பாப்பாவைத் தூக்கிக்கொண்டுதான் மறு வேலை பார்த்தேன்.

மூன்று மாதமாகிறது. அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டேன். வேலை கொடுத்த ஆபீஸில் சொல்லி மூன்று தடவை அந்த வரிகளை அழிக்கச் செய்தேன். ஆனாலும் தினமும் காலையில் இணையத்தில் ஒரு புதுத் தேதி சேர்ந்துவிடுகிறது, என் பெயரோடு. ஏதோ கோளாறு என்று கணவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்த வீட்டிலேயே கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. நாலு சுவரும் நெருங்கி வருவது எனக்குத்தான் தெரியும்.

நேற்றுக் காலை பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். எப்போதும் வலிக்குது வலிக்குது என்று ஊரைக் கூட்டுபவள், யாரோ வேற்றாள் கை பட்டதுபோல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி வந்தார். அவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்பா, ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போன அம்மா எப்ப வருவாங்க?"