புதுச்சதை

1931-ஆம் வருடத்து மழைக்காலத்தில், கடல்கடந்த ஜார்ஜ் டவுன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பிணவறைக்கு, டாக்டருக்கு உதவும் டிரெஸ்ஸராக மாற்றலாகி வந்தார் பாக்கியசாமி. முதல் நாளே மேசைமேல் ஷேக் அலாவுதீன் கிடந்தார். கப்பல்துறையில் மூட்டை தூக்கியவர். நெஞ்சுவலி வந்தபின் பத்து நாள் தாக்குப்பிடித்து, மறுபடி சுருண்டு விழுந்து செத்தவர்.

டாக்டர் சின்னையா இதயத்தை அறுத்தெடுத்துப் புரட்டினார். இடப்பக்கச் சுவரில் ஓர் இடம் அழுகிய பலாச்சுளை நிறத்தில் கொழகொழத்துக் கிடந்தது. தொட்டதும் விரல் உள்ளே புதைந்தது.

"ரத்தக்குழாய் அடைச்சு இந்த இடத்துச் சதை செத்துப்போச்சு. கையில வெட்டுப்பட்டா ஆறி, சதை கூடிரும். இதயச் சதை திரும்ப வளராது, பாக்கியசாமி. பொழைச்சிருந்தாலும் இங்க வெறும் தழும்புதான் வந்திருக்கும்."

இதயத்தை ஜாடியில் போட்டு, கெடாமலிருக்க ஃபார்மலின் ஊற்றி வைக்கச் சொன்னார்.

வெளியே அலாவுதீனின் மனைவி நூர்ஜான் காத்திருந்தாள்.

"அண்ணே, அவரை முழுசா அடக்கணும். உள்ள எதையும் எடுக்கலையே?"

"முழுசாத்தான் இருக்காருலா, தங்கச்சி," என்றார் பாக்கியசாமி, அவள் முகத்தைப் பாராமல்.

எட்டாம் நாள், அந்தச் செத்த இடத்தில் ஒரு துண்டு வெட்டித் தரும்படி டாக்டர் கேட்டார். பாக்கியசாமி ஜாடியைத் திறந்தார். வெயிலில் கிடந்த மீன்குடலின் நாற்றம் முகத்தில் அடித்தது. இதயத்தை எடுத்துத் தட்டில் வைத்தார்.

சுற்றிலும் சதை வெளிறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. மஞ்சள் இடத்தை மட்டும் காணோம்.

அங்கே சிவப்பாகப் புதுச்சதை வளர்ந்திருந்தது.

கத்தியை வைத்தார். வெதுவெதுப்பாக ரத்தம் கசிந்தது. நம்பமுடியாமல் விரலால் தொட்டார். சதை விலகி விரலை உள்ளே வாங்கிக்கொண்டது.

இறுக்கியது. விட்டது. மறுபடி இறுக்கியது.

பல்லில்லாத வாய் சப்புவதுபோல.

விரலைப் பிடுங்கிக்கொண்டு சுவரோரம் ஓடி வாந்தியெடுத்தார். டாக்டரிடம் சொல்லவில்லை. இதயத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு ரிக்‌ஷா பிடித்து நூர்ஜான் வீட்டுக்குப் போனார்.

"தங்கச்சி, அன்னைக்கு நான் பொய் சொல்லிட்டேன்."

துணி எழும்பி எழும்பி அடங்குவதை அவள் பார்த்தாள்.

"அவரு இன்னும் போகலை," என்று கிசுகிசுத்தாள். "வாங்க, அவருகிட்டயே குடுத்துருவோம்."

ஆயர் ஈத்தாம் ஊருக்குப் போகும் வழியிலிருந்த கபுர்ஸ்தானில், அலாவுதீனை அடக்கிய இடத்து ஈரமண்ணை இருவருமாகக் கிளறி அதைப் புதைத்தார்கள். மேல்மண் இரண்டு முறை உப்பியது. பிறகு அசையவில்லை. நூர்ஜான் அழுதபடி துஆ ஓதினாள்.

பாக்கியசாமி கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். இதயத்தைத் தொட்ட விரலின் நகக்கண்ணில் ஒரு சிவப்புத் துணுக்கு மட்டும் போகவில்லை. ஈர்க்குச்சியால் நெம்பினார். வலித்தது. தன் சதையைக் கிள்ளியதுபோல வலித்தது.

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பார்த்தார். பயத்தில் அது தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

நகத்துக்கடியில் அந்தத் துணுக்கு, ஓர் அவசரமும் இல்லாமல், தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது.