கட்டி கரைந்த பிறகு

மதியம் கரண்டு போய் மின்விசிறி நின்ற பிறகுதான் வளர்மதிக்கு அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த களிமண் கட்டியைத் தண்ணீரில் போட்டால், அது நீரைக் குடித்துக்கொண்டே இளகி உடையும்போது எழுமே, அந்தப் பொசபொசப்பு. விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் பதினோரு வருடம் மண் கரைத்தவளுக்கு அது பழகிய சத்தம். ஆனால் வீட்டில் ஒரு பிடி மண்கூட இல்லை. அடுப்படி, குளியலறை, பீரோ மூலை என்று காதைக் கொடுத்துக்கொண்டே வந்தவள் கட்டிலருகே நின்றுவிட்டாள். வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கும் புருஷன் பழமலையின் கழுத்திலிருந்து வந்தது அது.

எலுமிச்சம்பழம் அளவுக்குப் புற்றுக்கட்டி இருந்த இடம். கீமோவுக்கு அது மசியாமல் போன பிறகு, சென்னையில் பெப்டைடு மருந்து ஒன்றைச் சோதனையாகக் கொடுத்தார்கள். சின்னப் புரதத் துண்டுதான். புற்றணுவைத் தேடிப்போய் அதன் மேல்தோலில் ஓட்டை போடும், நல்ல அணுவைத் தொடாது என்றார்கள். ஃப்ரிட்ஜில் வைத்து, தினமும் வளர்மதியே அவன் வயிற்றில் ஊசி போட்டாள். ஐந்து வாரத்தில் கட்டி கரைந்தது. பழமலை மறுபடி சோறு விழுங்கினான். பஸ் ஏறிப் பெண்ணாடம்கூடப் போய்வந்தான். போன வெள்ளிக்கிழமையோடு ஊசியை நிறுத்தியாகிவிட்டது.

டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஸ்கேன் சுத்தமா இருக்குதும்மா. மருந்துக்கு இனிமே அங்க வேலையே இல்ல."

"உள்ள என்னமோ கரையுதுங்க சார். எனக்குக் கேக்குது."

மறுமுனையில் தாள்கள் படபடவெனப் புரண்டன. பிறகு, "உடனே கூட்டிட்டு வாங்க," என்றார்.

புழுக்கத்தில் ஈரமண் வாடை அறையை நிறைத்திருந்தது. நெஞ்சில் காது வைத்தாள். அங்கும் கேட்டது. வயிற்றில். தொடையில். எங்கும்.

"ஏங்க. எழுந்திரிங்க. எங்கனா நோவுதா?"

பழமலை கண் திறந்தான். "இல்ல வளரு. ஒண்ணுமே தெரியல. இதமா இருக்குது."

எழ முயன்றான். முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

விரல்கள் உள்ளே போயின.

எலும்பு தட்டவில்லை. கையை உருவிக்கொண்டாள். ஐந்து குழிகள். ரத்தம் இல்லை. குழிகள் மூடவும் இல்லை.

"ஏன் அழுவுற," என்றான் பழமலை. அவளை நன்றாகப் பார்க்கத் தலையைத் தூக்கினான்.

வலது கன்னம் தலையணையிலேயே இருந்தது.