குழல் பிளந்த இடம்

பெரியவன் துணிமூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தான். உள்ளே, நுனி பிளந்து வாழைப்பழத் தோலாய் விரிந்த வேட்டைத் துப்பாக்கிக் குழல்.

“தம்பியோடது. மூணு வாரத்துக்கு முன்னாடி வெடிச்சு, இடது கையில மூணு விரல் போச்சு. தோட்டா நான் அடைச்சுக் குடுத்தது. வெடிமருந்தை அள்ளிப் போட்டுட்டேன்னு ஊரே சொல்லுது. அவன் என் மூஞ்சியவே பாக்கிறதில்ல. நான்தான் காரணம்னா அதையாவது தெளிவா சொல்லிடுங்க.”

நிறுத்து அளந்து பேசுவதால் ‘தராசு’ என்று பெயர் வாங்கிய துப்பறிவாளர் குழலைத் திருப்பிப் பார்த்தார். கூடவே அலையும் மைத்துனன் முந்திக்கொண்டான்.

“சந்தேகமே வேணாம் அத்தான். மருந்து அதிகம்தான்.”

“மருந்து அதிகமானா தோட்டா இருக்கிற அடிப்பக்கம் பிளக்கும். இது குழல் வாயிலேர்ந்து ரெண்டு சாண்ல, இடது கை தாங்குற இடம் வரைக்கும் பிளந்திருக்கு. மோதிரம் மாதிரி வீங்கியிருக்கு பாரு. அங்க ஏதோ வழியை மறிச்சிருக்கு.” பிளவிலிருந்து கருகிய பச்சை நூல் ஒன்றை இடுக்கியால் எடுத்தார்.

அன்று மதியமே பெரியவனோடு தம்பி வீட்டுக்குப் போனார்கள். தம்பி உள்ளறையில் படுத்திருந்தான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

“துப்பாக்கி எப்படி வெடிச்சதுன்னு பாக்க வந்தோம்மா. அதை எங்க வெச்சிருப்பீங்க?”

“பரண்ல. ஐயா, உள்ள துணி கிணி இருந்தா குண்டு நின்னுதானே போகும்? வெடிக்காதே?”

மைத்துனன் தலையாட்டினான். தராசு செம்பைக் கீழே வைத்தார்.

“உள்ள துணி இருந்துச்சுன்னு நாங்க யாரும் சொல்லலையேம்மா.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வேலித் தகராறுல, ‘அண்ணனைச் சுட்டுட்டுதான் மறுவேலை’ன்னு கத்தினாரு. பயந்துபோய் என் பச்சைத் துணியைக் கிழிச்சுக் குச்சியால திணிச்சேன். அடைச்சா சுடாதுன்னு நெனச்சேன். அப்புறம் அவரும் நீங்களும் ராசியாயிட்டீங்க மாமா. சந்தோஷத்துல நான் மறந்தே போயிட்டேன். பன்னி விரட்ட அவர் எடுத்தப்ப நான் அம்மா வீட்ல இருந்தேன்.”

கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய மைத்துனனுக்கு, கேட்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பெரியவன் அவள் அருகே குனிந்தான். “என் உசுருக்காகவா? நான் அடைச்ச தோட்டா மேலேயே பழி இருக்கட்டும்மா. அவன்கிட்ட சொல்லாதே.”

“மூணு வாரம் நீங்க சுமந்தது போதும் மாமா.”

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முணுமுணுப்பாய்ப் பேச்சு கேட்டது. பெரியவன் செருப்பை மாட்டிக்கொண்டு, போகவும் முடியாமல் வாசலில் நின்றான்.

“அண்ணா,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். “அங்கேயே நிக்காதே, உள்ள வா. இவ அழுகையை நிறுத்த என்னால முடியல.”