நாற்பது நாள் ஆகாத காகிதம்

யாரும் கூப்பிடாமலே லிஃப்ட் கீழே வந்து நின்றது. விதா கதவைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஆள் இல்லை. அவித்த கோதுமையும் அணைந்த மெழுகுவர்த்தியும் கலந்த, இழவு வீட்டு வாசனை மட்டும் மெதுவாக வெளியே வந்து அவள் கோட்டில் ஒட்டிக்கொண்டது.

பெர்னிக் நகரில் அந்த எட்டு மாடிக் குடியிருப்புக் கட்டடத்தைப் பராமரிக்கும் வேலைக்கு அவள் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன் செருப்புக் கடை, அதையும் மூடிவிட்டார்கள். காலையில் மேலாளர் ருஷா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: “நாளைக்குக் குடியிருக்கிறவங்க கூட்டம். வாசக் கதவுல ஒரு துண்டுக் காகிதம் இருந்தாலும் உனக்கு வேலை கிடையாது, பாத்துக்கோ.”

வெந்நீரும் சுரண்டும் தகடுமாக விதா உட்கார்ந்தாள். விளம்பரங்கள் வந்தன. மழையில் வெளுத்த பழைய மரண அறிவிப்புகளும் வந்தன. கடைசியாக, கறுப்புக் கட்டம் போட்ட புதிய அறிவிப்பு ஒன்று: ஐந்தாம் மாடியில் தனியாக இருந்து செத்துப்போன க்ரூம் என்பவரின் படம், தொப்பியும் மீசையுமாக. செத்து நாற்பது நாள்வரை அது கதவில் இருக்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவள் அப்பா செத்தபோதும் ஒட்டியிருந்தார்கள். இருந்தாலும் சுரண்டினாள். பசை கெட்டி. காகிதம் நார் நாராக வந்தது. முகம்தான் கடைசியில் வந்தது. பிறகு ஆளை அழைத்து, காலியாகக் கிடந்த க்ரூமின் வீட்டுக்குப் புதுப்பூட்டும் போட வைத்தாள்.

இப்போது வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. நிலக்கரிப் புகையும் பனிமூட்டமும் கதவுக் கண்ணாடிவரை வந்து நின்றன. தரைத்தளத்து ஸ்தொயாங்கா பையோடு உள்ளே வந்தாள்.

“ஏண்டி, கதவை மொட்டையடிச்சது நீதானா?”

“நாளைக்குக் கூட்டம் அத்தை. சுத்தமா இருக்கணும்னு...”

“செத்தவன் மூஞ்சி உனக்கு அழுக்காத் தெரிஞ்சுதா? நாப்பது நாள் இன்னும் ஆகல. அதுவரைக்கும் அந்த மனுசன் வீட்டுக்கு வந்து வந்து போவான். கதவுல அதைப் பாத்தாத்தானே, தான் செத்தது அவனுக்குப் புரியும்?”

விதா சிரிக்கப் பார்த்தாள். “படியேறி வருவாரா, லிஃப்ட்லயா?”

“அவன் முட்டிக்கு லிஃப்ட்தான்.” ஸ்தொயாங்கா சிரிக்கவில்லை. “அவனுக்குன்னு யாரும் இல்ல. நான்தான் அச்சடிச்சேன், ஒண்ணே ஒண்ணு. குப்பையிலேருந்து பொறுக்கி ஒட்டு.”

ஸ்தொயாங்காவின் வீட்டுக் கதவு மூடியது. உள்தாழ்ப்பாள் விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

லிஃப்ட் தானாக மேலே போனது. ஐந்தில் நின்றது.

மேலே ஏதோ உரசும் சத்தம். இரும்போடு இரும்பு. பூட்டில் சாவியை விட்டு, திருப்ப முடியாமல், உருவி, மறுபடியும் விடுகிற பொறுமையான சத்தம்.

ஒட்டினால் நாளை வேலை போகும். போகட்டும். விதா குப்பைப் பையைத் தரையில் கவிழ்த்து, ஈரத் துண்டுகளை மண்டியிட்டுப் பொறுக்கினாள். மாடிப்படி விளக்கு வழக்கம்போலத் தானாக அணைந்தது. தடவிப் போய்ப் போட்டாள். கறுப்புக் கட்டம் சேர்ந்தது. பெயர் சேர்ந்தது. தொப்பி சேர்ந்தது. தொப்பிக்குக் கீழே வெள்ளை.

முகம் இல்லை. பையில் இல்லை. தரையில் இல்லை.

மேலே சத்தம் நின்றது.

லிஃப்ட் இறங்கியது. நான்கு. மூன்று. விளக்கு மறுபடி அணைந்தது.

லிஃப்ட் கதவு திறந்தது. கோதுமை வாசனை. முட்டி மடங்காத நடை. ஒரு காலடி. இன்னொன்று.

“பொண்ணே.” வாயில் ஈரத்துணி அடைத்தாற்போன்ற குரல். “என் பூட்டை யாரோ மாத்திட்டாங்க. சாவி சேரல.”

அவள் விளக்கைத் தொடவில்லை. அவள் தலைக்கு மேலே ஒரு கை போய் அதைப் போட்டது.

தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே, நனைந்து நார் நாரான வெள்ளைக் காகிதம்; குறுக்கே தகடு இழுத்த கோடுகள். அது அவளைப் பார்க்கக் குனிந்தது. பார்க்க அதற்குக் கண் இல்லை.

தப்பிக்க வழி தேடிய அவள் கை, தரையில் கிடந்த தகட்டை எடுத்து ஓங்கியது. அதன் விளிம்பில் விரலகலக் காகிதம் ஒட்டியிருந்தது: பாதி மீசை, ஒரு கண்.

அந்தக் கண் அவளைப் பார்த்து இமைத்தது.