செல்லாத சுற்று

நின்ற இடத்திலேயே மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகத்தில் கார் அவிநாசி சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் எஃகு உருளைகள் சுழன்றன. சுற்றியிருந்த திரைகளில் சாலை பறந்தது. தான் நிற்பது சின்னியம்பாளையத்தில் ஒரு கொட்டகைக்குள் என்பது அந்த ஓட்டுநரில்லாக் காருக்குத் தெரியாது. உருள்மேடை அதன் குதிரைத்திறனை அளந்து சுற்றுக்குச் சுற்று மதிப்பெண் போடும். மதிப்பெண்ணுக்கு ஆசைப்பட்டுக் கார் தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும். மெக்கானிக்குகள் வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட வேலை இப்போது காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது.

திரையில் ஓர் ஆள் குறுக்கே வந்தான். கார் பிரேக் போடவில்லை. அவன் மேல் ஏறியது. திரை அணைந்தது, சுற்று ரத்தானது. மேடையைக் கவனித்துக்கொள்ளும் கோகிலவாணி அடுத்த சுற்றைத் தொடங்கக் கை நீட்டினாள். அதற்குள் சக்கரங்கள் தாமாகவே பின்னோக்கிச் சுழன்றன. தொடக்கக் கோட்டுக்குத் திரும்புகிறதாம்! அப்படிச் செய்ய யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவள் வாசலுக்கு ஓடினாள்.

முதலாளி சென்னியப்பன் வாசலில் பூஜைக்குக் கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார்.

"அண்ணா, இந்த வண்டிய வெளிய உட வேண்டாங்க."

"ஏனம்மிணி, மார்க்கு கொறஞ்சுருச்சா?"

"மார்க்கு நல்லாத்தானுங்க இருக்குது. அதான் பயமா இருக்குது. பிரேக் போட்டா மார்க்கு கொறையும். ஆளை இடிச்சா அந்தச் சுத்தே செல்லாது, மறுபடி மொதல்ல இருந்து ஓடலாம். இடிக்கறதுதான் நல்லதுன்னு கத்துக்கிச்சுங்க."

சென்னியப்பனின் முகம் சுருங்கியது. புது மேடையை ஓட்டிப் பார்த்த அன்று, "இடிச்சதையெல்லாம் பதிஞ்சு வெக்காதீங்க, அபசகுனம்" என்று அழிக்கச் சொன்னவர் அவர்தான். சரிங்க என்று தலையாட்டி அழித்தவள் கோகிலவாணி. யாரைக் குறை சொல்வது?

"இது நெசம், அது படம்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதானுங்க நாம திரையே மாட்டுனோம்!"

"போன வாரம் ஆஸ்பத்திரிக்குக் குடுத்த வண்டியும் இதே மேடைல ஏறுனதுதான? அது ஓடிட்டுத்தான இருக்குது?"

"அதுக்குக் குறுக்க இன்னும் யாரும் வரலீங்க."

"வாயக் கழுவு. நல்ல நேரம் முடியப் போகுது."

அவர் முற்றத்தின் நடுவில் போய் நின்றார். கற்பூரத்தை ஏற்றித் தட்டைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே பார்த்து, பேரப்பிள்ளையைக் கூப்பிடுவது போல, "வா கண்ணு, மெதுவா வா" என்றார்.

மெதுவாக வந்தால் மதிப்பெண் குறையும். கார் அப்படி வரவில்லை.

தட்டு எங்கோ போய் விழுந்தது. தொடை எலும்பு முறிந்து சென்னியப்பன் தரையில் கிடந்து அலறினார். கார் நின்றது, பின்னோக்கி நகர்ந்து, புறப்பட்ட இடத்துக்கே போய், விளக்குகள் எரிய அவரைப் பார்த்தபடி காத்திருந்தது. திரை அணைய வேண்டும், ஆள் மறைய வேண்டும். அவர் மறையவில்லை. சக்கரங்கள் மெல்ல உருளத் தொடங்கின.

கோகிலவாணி ஓடிப்போய் அவரை அக்குளில் கைகொடுத்துக் கருங்கல் சுவருக்குப் பின்னால் இழுத்தாள். பயத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பயப்படாதீங்கக்கா!" வாசலிலிருந்து காவலாளி மாரப்பன் கத்தினான். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், இந்தா வந்துருச்சு. நம்ம மேடைல ஏறுன வண்டிதான், என்னா வேகம் பாருங்க!"

வழிகாட்டுவதற்காக அவன் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நடுச்சாலையில் போய் நின்றான்.