பன்னிரண்டு புகைபோக்கிகள்

வென்ட்வேர்த்வில் ரயில் நிலையப் படியில் ஒரு குடை வந்து மோதியது. மயூராவின் கையிலிருந்த அட்டையாலான கட்டட மாதிரி ஆட்டங்கண்டு, பன்னிரண்டு குட்டிப் புகைபோக்கிகளில் ஒன்று மழைநீரில் உருண்டது.

“கண் தெரியாதோ உங்களுக்கு?”

“சாரிங்க… மழைல கவனிக்கல.” அதை எடுத்துத் துடைத்தவன் நிமிர்ந்தான். இமையில் மழைத்துளி… சிரிப்பை ஒளிக்கத் தெரியாத கண்கள். “இத்தனை புகைபோக்கியா? என்ன பேக்டரிங்க?”

“முதியோர் இல்லம்!” என்றாள், அதை வரைந்த கட்டடக் கலைஞருக்கே உரிய ரோஷத்தோடு.

கோபமாய்த் தொடங்கியவள் அவன் குடைக்குள் நின்றே கதை சொல்லத் தொடங்கிவிட்டாள். பழைய இங்கிலாந்தில், ஆதரவற்ற முதியோருக்குச் செல்வந்தர்கள் கட்டிய தரும இல்லங்கள்… முதலில் ஒரே நீண்ட கூடம், இருபுறமும் கட்டில்கள், படுத்தபடியே வணங்க, கோடியில் சிறு தேவாலயம். காலம் நகர, முற்றத்தைச் சுற்றித் தனி அறைகள். ஆளுக்கொரு கதவு, குளிர்காய ஆளுக்கொரு கணப்பு, ஆளுக்கொரு புகைபோக்கி.

“தூரத்தில பாத்தாலே தெரியும், இஞ்ச பன்னிரண்டு வீட்டுக்காரர் இருக்கினம் எண்டு.”

“அப்போ அது தர்மம் இல்லீங்க… மரியாதை.”

அவன் பெயர் சுதர்சன். ‘மரியாதை’ என்ற அந்த ஒரு சொல் அவளுக்குள் ஈரமாய் இறங்கியது.

பிறகு மழையில்லாத நாட்களிலும் இருவருக்கும் ஒரே ரயில்தான். பக்கத்து ஊரான கிரவீனில் எழவிருக்கும் அந்த இல்லத்துக்கு அவனுடைய அம்மா விமலாவும் விண்ணப்பம் வாங்கினார். “அவங்களுக்குன்னு ஒரு கதவு வேணுமாம். என் சமையல்ல இருந்து விடுதலையும் வேணுமாம்!”

மறுவாரம் விண்ணப்பத்தை விரித்தபோது அந்தக் கண்களில் சிரிப்பில்லை. “ஏழாவது நிபந்தனையைப் படிங்க.”

நிலம் தந்த வரதராஜா குடும்பத்தின் பெயர் சொல்லித் தினமும் பிரார்த்திக்க வேண்டும்…

மயூராவின் முகம் எரிந்தது. வரதராஜா அவள் அப்பா. அந்தப் பழைய இல்லங்களில் கொடையாளிக்காகப் பிரார்த்திப்பது விதி என்று, சாப்பாட்டு மேசையில் பெருமையாய்ச் சொன்னவளும் அவளே.

“எங்கம்மா எல்லாருக்காகவும் கும்பிடுவாங்க மயூரா. கையெழுத்துப் போட்டுக் கும்பிட மாட்டாங்க.” விண்ணப்பத்தை அவள் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

இனி வரமாட்டானோ… அன்று மாலையே அப்பாவின் முன் நின்றாள்.

“நிலம் குடுத்தவனுக்கு ஒரு பேர் வேண்டாமோ?” வரதராஜா கதிரையில் நிமிர்ந்தே இருந்தார்.

“வேணும் அப்பா. ஆனா, கேட்டு வாங்கிற பிரார்த்தனை எங்கட குடும்பத்துக்கு மரியாதையோ?”

அவர் விண்ணப்பத்தை வாங்கினார். பின் பேனாவைத் திறந்தார். ஏழாவது வரியை ஒரே கோட்டில் அடித்து, கீழே கையெழுத்திட்டார். “எங்கட ஆக்கள் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேட்டு வாங்கினதில்லை. கொண்டுபோய்க் குடு. அவன்ர தாய்க்கு முதல் கதவு எண்டு சொல்லு.”

‘அவன்’ என்றாரே… அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் தூறல். அதே படியில் சுதர்சன் அந்தக் கோட்டைப் பார்த்தான். கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“எங்கட ஆக்கள் கேட்டு வாங்கிறதில்லை எண்டிட்டார் அப்பா. அன்ரிக்கு முதல் கதவு,” என்றாள், குடைக்கம்பியில் ததும்பும் துளியைப் பார்த்தபடி.

“அவங்க பையனுக்கு?”

“அவருக்கு… என்ர வீட்டுக் கதவு. அப்பாவிட்டை வந்து கேப்பீங்களோ?”

“உங்க வீட்ல கேட்டு வாங்குறது பழக்கமில்லையே?”

“நாங்கள் கேக்கிறதில்லை.” இமைகள் மெல்ல உயர்ந்தன. “வந்து கேக்கிறாக்களுக்கு… இல்லையெண்டு சொல்றதுமில்லை.”