கீழிருந்து வந்த துளை

துளைக்குழாயில் அப்போதுதான் மேலே வந்த பாறை உருளையின் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் நிபுணருக்குப் பயம் வரவில்லை; இளக்காரம்தான் வந்தது.

தங்க வயலில் துளை போடும் முறையைச் சீர்படுத்தத் தலைமையகம் அனுப்பிய ஆள் அவர். அவர் வரும்வரை இங்கே பாறையைக் குத்திப் பொடியை அள்ளி, தங்கம் இருக்கும்போல என்று தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். இப்போது வைர முனை வைத்த குழாய், பாறையை வட்டமாக அறுத்து முழு உருளையாகவே மேலே கொண்டுவருகிறது. எந்திரம் ஓட்டுவது அவருடைய தங்கச்சி புருஷன். தங்கச்சி முகத்துக்காகக் கொடுத்த வேலை. இல்லையென்றால் சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அவனை நம்பமாட்டார்.

"என்ன மாப்பிள்ளை இது, பாசிமணியா? கோத்து என் தங்கச்சி கழுத்துல போடப் போறீங்களா?"

"நான் போடல மச்சான். நம்ம குழாய் சுத்திதான் அறுக்கும். நடுவுல எப்படிப் போகும்? பாருங்க, ஓட்டை அடியில இருந்து வருது. மேல வரைக்கும் வரல."

"அடியிலயா? அங்க உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

உருளையைத் திருப்பினார். குடிகாரன் நடைபோலக் கோணிக் கோணி ஏறி, பாதியில் நின்றிருந்தது ஓட்டை. "எவனோ கைநாட்டு போட்டிருக்கான்," என்று துளையின் வாய்க்குள்ளேயே குனிந்து சிரித்தார். உள்ளிருந்து ஈரமண்ணும் சூடான இரும்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது.

அடுத்த உருளையில் ஓட்டை நேராக இருந்தது.

அதற்கடுத்ததில் கண்ணாடிபோல வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவரே போட்டிருந்தாலும் இவ்வளவு நேர்த்தி வந்திருக்காது. அந்த நினைப்பே அவருக்கு எரிச்சலாக இருந்தது. எந்திரத்தை நிறுத்தச் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது. தகரக் கொட்டகையின் மேல் விழும் சடசடப்புக்கும், டீசல் புகைக்கும், சேற்றில் நுரைத்து ஓடும் தண்ணீருக்கும் அடியில், செருப்பு வழியாக எலும்பில் ஏறும் ஓர் அரவை கேட்டது. எந்திரத்தை ஓட்டினால் அது நின்றது. நிறுத்தினால் தொடங்கியது.

"மூடிடலாம் மச்சான். சிமெண்ட் ஊத்திடலாம். நாம பேசுறதக் கேட்டுக் கத்துக்குது."

"என் தங்கச்சிக்கு இருக்கிற தைரியத்துல கால்வாசி உங்களுக்கு இல்ல. ஒழுங்கா அடுத்ததை எடுங்க."

அவன் எந்திர மேடையில் ஏறினான். நிபுணர் உருளைகளை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். ஓட்டைகளை விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எந்திரச் சத்தம் நின்றது.

"மாப்பிள்ளை!"

உருளையைக் கீழே வைத்தார்.

தூங்கிவிட்டான் தடியன், என்று வைதுகொண்டே வெளியே வந்தார். சாயங்கால வெளிச்சம் மங்கியிருந்தது. அரவை இல்லை. காலடியில் எதுவுமே இல்லை. எந்திரம் நின்றும் அது தொடங்காதது இதுதான் முதல் தடவை.

அவன் மேடையில் நின்றுகொண்டிருந்தான். நேராக. கை நெம்புகோலில். கண் திறந்திருந்தது.

"கூப்பிட்டா வாயத் திறக்க மாட்டீங்களா?"

மேடையின் இரும்புத் தகட்டில் அவனுடைய தலைக்கவசம் கிடந்தது. உச்சியில் ஒரு வட்டம். சுத்தமான வட்டம்.

ஒரு படி ஏறினார். இன்னொரு படி.

"மாப்பிள்ளை... டேய்..."

ரத்தம் இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. மழை அவன் தோளில் விழுந்து வழிந்தது. முழங்கையில் வழிந்தது. உச்சந்தலையில் விழுந்த மழை மட்டும் வழியவில்லை.

உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவனுக்குள், அவன் பாதத்துக்கும் கீழே, தகட்டுக்கும் கீழே. வெகுநேரம் கழித்து, வெகு ஆழத்தில், அது எதிலோ போய் விழும் சத்தம் கேட்டது.